லெஃபெவ்ர் என்றால் கொல்லர்: ஒரு ஃப்ரெஞ்சுக் குடும்பப் பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெஃபெவ்ர் என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?

கொல்லர், இரும்படிக்கிறவர். முன்னால் இருக்கும் ‘லெ’ ஒரு சுட்டு, ‘அந்த’ என்பதுபோல. ‘ஃபெவ்ர்’ என்பது பழைய ஃப்ரெஞ்சில் கொல்லருக்கு வழங்கிய சொல். இன்று ஃப்ரான்சில் தெருவில் போகிறவரிடம் ‘ஃபெவ்ர்’ என்றால் யார் என்று கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட மாட்டார், ஏனென்றால் பேச்சிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது, கொல்லருக்கு இப்போது ‘ஃபோர்ஜெரோன்’ என்றுதான் பெயர். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது: ‘ஓர்ஃபெவ்ர்’, பொற்கொல்லர். பாரிஸில் சேன் நதியை ஒட்டி ‘கே தெ ஓர்ஃபெவ்ர்’ என்று ஒரு கரைத்தெரு உண்டு, ஒரு காலத்தில் நகைக்காரர்கள் கடை போட்டிருந்த இடம். அதன் 36ஆம் எண் கட்டடத்தில் பாரிஸ் குற்றப்பிரிவு போலீஸ் நெடுங்காலம் இருந்ததால், ஃப்ரெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் தங்கம் ஞாபகம் வராது, போலீஸ்தான் ஞாபகம் வரும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனின் ‘ஃபாபெர்’ என்பதிலிருந்து. லத்தீனில் அதன் பொருள் இன்னும் அகலம்: கெட்டியான பொருளைக் கையால் வேலை செய்து உருவாக்குகிற யாரும் ஃபாபெர்தான். இரும்புக்காரர், வெண்கலக்காரர், மரவேலைக்காரர் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பின்னால் ஓர் அடைமொழி சேர்ப்பார்கள். இயேசுவைப் பற்றி ‘இவன் தச்சனுடைய குமாரன் அல்லவா’ என்று தமிழ் பைபிளில் வருகிற இடத்தில் லத்தீன் பைபிளில் இருப்பது இந்த ஃபாபெர்தான். ஃப்ரெஞ்சுக்கு வந்து சேர்ந்தபோது பொருள் குறுகி, இரும்பும் உலையும் மட்டும் மிஞ்சியது.

ஒலி மாறிய கதையும் ஒழுங்கானதுதான், யாரோ இஷ்டத்துக்குத் திரித்தது இல்லை. ஃபாபெர் வாக்கியத்தில் செயப்படுபொருளாக வரும்போது ‘ஃபாப்ரும்’ ஆகும். வடக்கு ஃப்ரான்சில் அதன் அழுத்தமான ‘ஆ’ ‘எ’ ஆனது, ‘ர்’ க்கு முன்னால் இருந்த ‘ப்’ இளகி ‘வ்’ ஆனது, கடைசி அசை தேய்ந்து உதிர்ந்தது. உதட்டுக்கு லத்தீனில் ‘லாப்ரா’, ஃப்ரெஞ்சில் ‘லெவ்ர்’. பெண் ஆட்டுக்கு ‘காப்ரா’, ஃப்ரெஞ்சில் ‘ஷெவ்ர்’. அதே தடத்தில் ஃபாப்ரும் ஃபெவ்ர் ஆகிவிட்டது.

அப்படியானால் எழுதும்போது நடுவில் ஏன் ஒரு ‘பி’ வருகிறது? உச்சரிக்க வேண்டுமா?

வேண்டாம். எல், இ, எஃப், இ, பி, வி, ஆர், இ (Lefebvre) என்று எட்டு எழுத்து எழுதினாலும் சொல்வது லெஃபெவ்ர்தான். ஆங்கிலம் வழியாகப் படித்த நம் ஆட்கள் தத்துவவாதி ஆன்ரி லெஃபெவ்ரை ‘லெஃபெப்வர்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன், பாவம், அந்த ‘பி’ யை ஃப்ரான்சில் யாரும் சொல்வதே இல்லை.

அது எப்படி உள்ளே வந்தது என்பதுதான் சுவாரசியம். இடைக்காலத்தின் கடைசியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் நீதிமன்ற எழுத்தர்களுக்கும் லத்தீன் மோகம். ஒரு ஃப்ரெஞ்சுச் சொல்லின் லத்தீன் மூலம் தெரிந்தால் அதன் எழுத்தைக் கொண்டுவந்து நடுவில் செருகிவிடுவார்கள், வாயில் வராவிட்டாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. பிப்ரவரி மாதத்தைக் குறிக்கும் ‘ஃபெவ்ரியே’ யிலும் ‘கடமை’ என்ற சொல்லிலும்கூட அப்போது இதே மாதிரி ஒரு ஊமை ‘பி’ இருந்தது. பிற்பாடு அகராதிக்காரர்கள் சாதாரணச் சொற்களிலிருந்து அதையெல்லாம் களைந்துவிட்டார்கள். ஆனால் ஆளின் பெயரில் யார் கை வைப்பது? அது பத்திரத்தில் ஏறிவிட்டது, சொத்தோடு போகிற சமாச்சாரம். அதனால் பெயரில் மட்டும் அந்த ‘பி’ அப்படியே உறைந்து நிற்கிறது.

‘லெ’ இல்லாமலும் இதைப் பார்க்கலாம். 1929இல் அன்னால் வரலாற்று இதழைத் தொடங்கிய இருவரில் ஒருவரான லூசியன் ஃபெவ்ர் பெயரிலும் ஊமை ‘பி’ உண்டு.

லெஃபேபூர் என்றும் ஒரு பெயர் இருக்கிறதே, அது வேறா?

வேறு இல்லை, இது படித்ததில் வந்த குழப்பம். பழைய கையெழுத்தில் ‘யு’ வும் ‘வி’ யும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள்தான். இரண்டையும் தனித்தனி எழுத்தாக அகராதிகள் பிரித்து வரிசைப்படுத்தியது 18ஆம் நூற்றாண்டில். ஒரு பங்குப் பாதிரியாரின் பதிவேட்டைத் திறந்தால் அந்தப் பெயரின் நடுவில் ‘பி’ க்கு அடுத்து கிண்ணம் போல ஒரு கோடு இருக்கும், அது ‘வி’ யா ‘யு’ வா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குடும்பத்தைத் தெரிந்தவர் லெஃபெவ்ர் என்று படித்தார். தெரியாதவர் எழுத்தை நம்பி, ‘பி’ யையும் உச்சரித்து, அடுத்ததை ‘யு’ என்று எடுத்துக்கொண்டு லெஃபேபூர் என்றார். அதுவே சில குடும்பங்களில் நிலைத்துவிட்டது. ஆக, பேச்சில் பிறந்து எழுத்துக்குப் போகாமல், எழுத்தில் பிறந்து வாய்க்கு வந்த பெயர் இது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் பேர்பெற்ற ஆர்கன் கலைஞர் லெஃபேபூர்-வெலி இப்படிப்பட்ட பெயர்க்காரர்தான்.

ஃபாப்ர், ஃபோர், ஃபாவ்ர் எல்லாம் இதே பெயரா?

ஆமாம், எல்லாமே கொல்லர்தான். இதில்தான் இந்தப் பெயரின் முழு அழகும் இருக்கிறது என்பேன், ஏனென்றால் எழுத்தை வைத்தே ஏறக்குறைய எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

ஃப்ரான்ஸ் முழுக்க ஒரே மொழி என்பது பிற்காலத்து நிலைமை. வடக்கே பேசியது ஒன்று, தெற்கே பேசிய ஆக்ஸிதான் வேறொன்று, லியோன், சவோய், மேற்கு சுவிட்சர்லாந்து பக்கம் இன்னொன்று. வடக்கில் அந்த ‘ஆ’ ‘எ’ ஆனது என்று சொன்னேன் இல்லையா, தெற்கில் அது மாறவில்லை. அதனால் லாங்தோக் பக்கம் ஃபாப்ர். பூச்சிகளின் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக எழுதிய ஆன்ரி ஃபாப்ர் 1823இல் பிறந்தது அவேரோன் மாவட்டத்து சேன்-லெயோன் கிராமத்தில். அந்தப் பெயருக்குச் சரியான மண் அது. தெற்கிலேயே வேறு பகுதிகளில் ‘ப்’ கரைந்து உகரமாகி, எழுத்தில் ‘ஏ’ வும் ‘யு’ வும் சேர்ந்து, இன்றைய உச்சரிப்பில் ஃபோர் ஆனது: தோஃபினே, ஓவர்ன், தோர்தோன் பக்கங்களில் இது நிறைய. 1895 முதல் 1899 வரை குடியரசுத் தலைவராக இருந்து பதவியிலேயே இறந்துபோன ஃபெலிக்ஸ் ஃபோர் இந்த வகை. சவோயிலும் சுவிஸ் பக்கத்திலும் ஃபாவ்ர். ஃப்ரான்ஷ்-கோந்தேயில் ‘ஏ’ வும் ‘ஐ’ யும் சேர்த்து எழுதுகிற இன்னொரு ஃபெவ்ர்.

‘லெ’ ஒட்டிய பெயர்கள் வடக்குக்கும் மேற்குக்கும் உரியவை. அதிலும் ‘பி’ போட்ட லெஃபெவ்ர் பெல்ஜிய எல்லையை ஒட்டிய நோர், பா-த-காலே, பிக்கார்தி பக்கங்களில் அடர்த்தி. ஃப்ரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெஃபெவ்ர் பிறந்தது லீலில். மேற்குக் கோடியில் உள்ள பிரத்தாஞ் பகுதிக்குப் போய்ப் பார்த்தால் ஆளே மாறிவிடுவார்: அங்கே பிரெத்தோன் மொழியில் கொல்லருக்கு ‘கோஃப்’, ஆகவே பெயர் ‘லெ கோஃப்’. அல்சாசில் ஜெர்மன் பேச்சு, அங்கே ஷ்மிட்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், ரயில் வந்த பிறகு எல்லோரும் எல்லா ஊருக்கும் போய்விட்டார்கள், எனவே இன்றைக்குப் பாரிஸில் இருக்கும் ஒரு ஃபாப்ரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவர் பாட்டனாரின் பாட்டனார் எங்கே இருந்தார் என்பதற்குத்தான் இது துப்பு.

ஏன் இவ்வளவு கொல்லர்கள்? விவசாயிகள்தானே அதிகம் இருந்திருப்பார்கள்?

அதனால்தான். பெயர் என்பது ஓர் ஆளை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட வைப்பது. ஊரில் பாதிப் பேர் உழுகிறவர்களாக இருந்தால் ‘உழவன் பியேர்’ என்று சொல்லி என்ன பயன், எந்தப் பியேர் என்று மறுபடியும் கேட்பார்கள். ஆனால் ஊருக்குக் கொல்லர் ஒருவர், மிஞ்சினால் இருவர். ‘கொல்லர் பியேர்’ என்றால் முடிந்தது.

அவர் இல்லாமல் ஊரும் ஓடாது. கலப்பைக் கொழு தேய்ந்தால் அவரிடம்தான் போக வேண்டும், அரிவாளுக்கும் கோடாரிக்கும் அவர்தான் வாய் வைப்பார், குதிரைக்கு லாடம், கதவுக்குக் கீல், ஆணி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை எல்லாம் அவர் பட்டறையிலிருந்துதான். துருத்தியும் கரியும் பட்டடையுமாக நாள் முழுக்க நெருப்பு எரிகிற இடம். சம்மட்டிச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும், அப்படிப்பட்டவரின் தொழிலை விட்டுவிட்டு வேறு எதை வைத்து அவரை அடையாளம் சொல்வது?

நகரத்தில் இது இன்னும் நுணுக்கமாகப் பிரிந்தது. 1268 வாக்கில் பாரிஸின் அதிகாரி எத்தியென் புவாலோ நகரத்துத் தொழில் சங்கங்களின் விதிகளையெல்லாம் எழுதி வைக்கச் செய்தார். அதில் கத்தியின் இரும்பு அலகை அடிக்கிற ஃபெவ்ர்கள் ஒரு கூட்டம், அதே கத்திக்குக் கைப்பிடி போடுகிறவர்கள் வேறு கூட்டம், ஆளுக்கொரு விதித்தொகுப்பு! பூட்டு செய்கிறவர்கள் தனி.

ஃப்ரான்சின் குடும்பப் பெயர்களில் முதலிடம் மார்த்தேனுக்கு. லெஃபெவ்ர் முதல் 20க்குள் வந்துவிடும், அதுவும் ‘பி’ போட்ட எழுத்தை மட்டும் தனியாக எண்ணினாலே.

அப்படியானால் இது ஜாதிப் பெயர் மாதிரியா?

தமிழ் வாசகர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. இல்லை. மகன் அப்பாவின் பட்டறையில் தொழில் கற்றது அங்கேயும் சகஜம்தான், சங்கங்கள் தங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டியதும் உண்மை. ஆனால் லெஃபெவ்ர் என்ற பெயர் இருந்தால் இன்னாரைத்தான் கட்ட வேண்டும், இன்ன வேலைதான் செய்ய வேண்டும் என்ற கட்டு கிடையாது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பட்டப்பெயராக இருந்தது மெல்ல மெல்லப் பரம்பரையாக இறங்க ஆரம்பித்தபோதே தொழிலும் பெயரும் பிரிய ஆரம்பித்துவிட்டன. பேரன் ரொட்டி சுட்டாலும் பெயர் கொல்லர்தான். ஒரு தலைமுறையில், ஒரு ஊரில், ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு மேல் இந்தப் பெயர் எதையும் சொல்லாது.

லெஃபெவ்ர்கள் எல்லோரும் ஒரே வம்சமா?

இல்லவே இல்லை. ஆயிரக்கணக்கான ஊர், ஊருக்கொரு கொல்லர், ஒவ்வொன்றும் தனி வேர். பக்கத்துப் பக்கத்து ஊர் லெஃபெவ்ர்கள்கூடச் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதே சமயம் உடன்பிறந்த இருவர் வெவ்வேறு எழுத்தில் பெயர் எழுதிக்கொண்டிருப்பதும் நடக்கும். எழுத்து ஒன்று என்பதால் சொந்தம் என்றும் எழுத்து வேறு என்பதால் அந்நியர் என்றும் முடிவு கட்டக் கூடாது.

எழுத்து எப்போது நிலையானது?

ரொம்பத் தாமதமாக. 1539இல் முதலாம் ஃப்ரான்சுவா மன்னர் வில்லேர்-கோத்ரேயில் போட்ட சட்டம், ஞானஸ்நானப் பதிவேடு வைக்கத் தேவாலயப் பங்குகளைக் கட்டாயப்படுத்தியது. அந்தப் பதிவேட்டில் எழுதியவர் பாதிரியார், அவர் காதில் விழுந்தபடி எழுதினார். பெரும்பாலோருக்குக் கையெழுத்தே போடத் தெரியாத காலத்தில் யார் திருத்துவது? ஒரே மனிதரின் பெயர் பிறப்பில் ஒரு மாதிரி, கல்யாணத்தில் ஒரு மாதிரி, சாவில் ஒரு மாதிரி இருக்கும். 1792இல் பதிவேடு தேவாலயத்திடமிருந்து நகராட்சிக்குப் போனது. 1794இல் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. 1877 முதல் கல்யாணமானவர்களுக்குக் குடும்ப ஏடு கொடுக்கத் தொடங்கியபோது, வீட்டிலேயே ஓர் எழுத்து வடிவம் அச்சடித்தாற்போல நின்றது. அதற்குப் பிறகுதான் ‘எங்கள் வீட்டுப் பெயரில் பி உண்டு’ என்று கறாராகச் சொல்கிற பழக்கமே வந்தது.

ஃபோர்ஜெரோன் என்று குடும்பப் பெயர் ஏன் அரிதாக இருக்கிறது?

அந்தச் சொல் பரவலாவதற்குள் பெயர்கள் நிலைத்துவிட்டன. ஆனால் பட்டறையைக் குறிக்கும் சொற்கள் பெயராகியிருக்கின்றன: லாஃபோர்ஜ், லாஃபார்ஜ், ஃபார்க். ஃபாபெருக்குச் சொந்தமான லத்தீன் ‘ஃபாப்ரிகா’, அதாவது பட்டறை, அதிலிருந்து வந்தவை. பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களாகவும் இருக்கலாம்.

காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. காய்ச்சலுக்கு ஃப்ரெஞ்சில் ‘ஃபியெவ்ர்’, அது லத்தீன் ‘ஃபெப்ரிஸ்’. மொச்சை மாதிரியான பயறுக்கு ‘ஃபெவ்’. இரண்டும் வேறு வேறு. ஆனால் இந்தப் பயறு அமெரிக்காவில் ஒரு வேலை பார்த்திருக்கிறது: கனடாவிலிருந்து நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கு வேலைக்குப் போன சில லெஃபெவ்ர் குடும்பங்களின் பெயரைப் பயறு என்று புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் ‘பீன்’ என்று மாற்றிவிட்டார்கள். கொல்லர் வம்சம் கப்பல் ஏறாமலேயே அவரைக்காய் வம்சம் ஆகிவிட்டது. அங்கேயே இன்னொரு வேடிக்கை, அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் ஆட்டக்காரர் பிரெட் ஃபாவ்ர் தன் பெயரை ‘ஃபார்வ்’ என்று சொல்கிறார். எழுத்து சவோய்க் கொல்லருடையது, உச்சரிப்பு மிசிசிப்பியுடையது.

பேர்பெற்ற லெஃபெவ்ர்களில் யாரைச் சொல்வீர்கள்?

எனக்குப் பிடித்தவர் நெப்போலியனின் தளபதி ஃப்ரான்சுவா ஜோசஃப் லெஃபெவ்ர், அல்சாசின் ரூஃபாக்கில் 1755இல் பிறந்தவர். 1804இல் மார்ஷல் ஆனார், 1807இல் டான்சிக் கோட்டையைப் பிடித்தார், அதற்காக டான்சிக் பிரபு என்று பட்டம் வாங்கினார். மார்ஷல் என்ற பதவிப் பெயர் ஜெர்மானிய மூலத்தில் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலையாள். ஃப்ரெஞ்சில் ‘மாரெஷால்’ இன்றைக்கும் லாடம் அடிப்பவருக்கும் ஆகும். பதவியையும் பெயரையும் சேர்த்துச் சொன்னால் ‘லாடக்காரர் கொல்லர்’. பிரபு ஆன பிறகும் அது போகவில்லை பாருங்கள்.

இன்னொருவர் ஜாக் லெஃபெவ்ர், பிக்கார்தியின் எதாப்ல் ஊர்க்காரர், 1530இல் முழு பைபிளையும் ஃப்ரெஞ்சில் கொண்டுவந்த அறிஞர். அந்தக் காலத்துப் படிப்பாளிகளின் வழக்கப்படி தன் பெயரை லத்தீனாக்கி ‘ஃபாபெர்’ என்றே எழுதிக்கொண்டார். ஆயிரம் ஆண்டில் தேய்ந்து வந்த சொல்லை ஒரே தாவலில் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்!

தமிழ் மண்ணோடு ஏதாவது தொடர்பு உண்டா?

சுற்றி வளைத்து உண்டு. முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் பாரிஸில் படித்தபோது அறைத் தோழராக இருந்தவர் சவோய்க்காரர் பியேர் ஃபாவ்ர். சேசு சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2013இல் புனிதரானார். கத்தோலிக்கர்கள் பீட்டர் ஃபேபர் என்று சொல்வார்கள், அது பெயரின் லத்தீன் வடிவம். சென்னை வேப்பேரியில் இருந்து பைபிளை மொழிபெயர்த்து, தமிழ் ஆங்கில அகராதியும் தொகுத்த பப்ரிசியுஸ் ஜெர்மானியர், ஆனால் அவர் பெயரும் அதே ஃபாபெர் குடும்பம்தான்.

புதுச்சேரியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அங்கே தமிழ்க் குடும்பங்களிடம் ஃப்ரெஞ்சுப் பெயர் இருந்தால், அது ஐரோப்பிய மூதாதையரைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1881 செப்டம்பர் ஆணைப்படி இந்துச் சட்டம் போன்ற தனிச் சட்டத்தைத் துறந்து ஃப்ரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. காலணியோடு நீதிமன்றத்தில் வாதாடப் போராடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லாபோர்த்’ என்று வைத்துக்கொண்டார், கதவு என்று பொருள். இந்தப் பெயர்கள் விரும்பி எடுத்தவை, ஊர் வைத்தவை இல்லை. அதனால் மேலே சொன்ன வரைபடக் கணக்கு இங்கே செல்லாது.

லெஃபெவ்ர் குடும்பச் சின்னம் என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?

சுவரில் மாட்ட அழகாக இருந்தால் வாங்குங்கள். அந்தச் சின்னம் ஏதோ ஒரு லெஃபெவ்ர் குடும்பத்தின் சொத்தாக இருக்கலாம், பெயர் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் உரியது கிடையாது.

என் மனைவி அல்லது கணவர் வீட்டுப் பெயர் இது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

குடும்ப ஏட்டிலிருந்து. அதில் உள்ள கடைசி ஊரைப் பிடித்துக்கொண்டு அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தின் தளத்துக்குப் போங்கள், பழைய பதிவேடுகளைப் படமெடுத்துப் பெரும்பாலும் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். பிறப்பும் கல்யாணமும் பொதுவாக 75 ஆண்டு கழிந்தால் யாரும் பார்க்கலாம், இறப்புக்கு 25. பத்தாண்டுக்கு ஒன்றாக அகரவரிசைப் பட்டியல் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள், நேரடியாகப் பதிவேட்டில் குதித்தால் கண் போய்விடும். முக்கியமாக, ‘பி’ யோடும், ‘பி’ இல்லாமலும், ‘யு’ போட்டும், ‘லெ’ யைப் பிரித்து எழுதியும் தேட வேண்டும். ‘லெ’ பிரிந்திருந்தால் சில பட்டியல்களில் ‘எஃப்’ வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம் பதிவில் சாட்சிகளின் கையெழுத்தைப் பாருங்கள். எழுத்தர் ஒரு மாதிரி எழுதியிருக்க, அதே பெயர்க்காரர் கீழே வேறு மாதிரி கையெழுத்திட்டிருப்பார், அதில் குடும்பத்தின் வழக்கம் எது என்று தெரிந்துவிடும்.

இப்போது பெயரை மாற்றிக்கொள்ள முடியுமா?

2022 ஜூலை 1 முதல், வயது வந்த ஒருவர் பெற்றோரில் மற்றவரின் பெயரை எடுத்துக்கொள்ளவோ சேர்த்துக்கொள்ளவோ நகராட்சியில் மனு கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு முறைதான். ‘பி’ யை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றால் அது வேறு கதை. பதிவில் பிழை என்று ஆவணம் காட்டித் திருத்தக் கேட்க வேண்டும், இல்லையென்றால் நீதி அமைச்சகத்துக்கு நியாயமான காரணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். உச்சரிக்காத எழுத்து என்பதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டால், அந்த நாட்டில் பாதிப் பேருக்கு அந்தக் காரணம் இருக்கிறது.